இசிஜி கன்வெர்ட்டருக்கு எத்தனை சாம்பிள், எந்த கிளாக்?

இதயத்தின் மின் சிக்னலை எண்களாக மாற்றுவது கன்வெர்ட்டர் சிப். அது எடுக்கும் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள். "நொடிக்கு எத்தனை சாம்பிள் வைக்கலாம்?" என்பதுதான் இசிஜி ப்ராஜெக்ட்டில் இறங்குபவர்களின் முதல் கேள்வி. எதைப் பார்க்கப் பதிவு செய்கிறோம் என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் கிடையாது. எண்களோடு பேச வசதியாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏடிஎஸ்1292ஆர் சிப்பை எடுத்துக்கொள்வோம். 24 பிட், இரண்டு சானல், டெல்டா-சிக்மா வகை (மிக வேகமாக அளந்து, பிறகு வடிகட்டி எண் தருவது). வேறு டெல்டா-சிக்மா சிப் வைத்திருந்தாலும் வழி இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: தேவையான பேண்ட்வித் (பதிவாக வேண்டிய அதிர்வெண் வரம்பு)

துடிப்பை எண்ணவும் திரையில் அலை ஓடுவதைப் பார்க்கவும் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் போதும். அலையின் வடிவத்தை வைத்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டுமென்றால் கீழே 0.05, மேலே 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மேல் எல்லை 250 ஹெர்ட்ஸ் என்பது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2007-இல் தந்த பரிந்துரை. பேஸ்மேக்கர் துடிப்பைப் பிடிப்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

படி 2: சாம்பிளிங் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள்)

பிடிக்க வேண்டிய அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் வேண்டும். 150 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மடங்கு 300, ஆகவே 500 தாராளம் என்று கணக்குப் போடத் தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டெல்டா-சிக்மா சிப்புக்குள் உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் ஒரு சின்க் ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது. ஏடிஎஸ்1292ஆரில் அதன் −3 டெசிபெல் புள்ளி (சிக்னல் சுமார் 70 சதவீதமாகக் குறையும் அதிர்வெண்), சாம்பிளிங் ரேட்டின் 0.262 மடங்கு. அதாவது 250 சாம்பிளுக்கு 65.5 ஹெர்ட்ஸ், 500-க்கு 131 ஹெர்ட்ஸ், 1000-க்கு 262 ஹெர்ட்ஸ். 500-இல் ஓட்டினால் 150 ஹெர்ட்ஸ் வருவதற்குள்ளேயே சிக்னல் சரிந்துவிடும். நோயறிதல் தரம் வேண்டுமானால் 1000-இல் ஓட்டுங்கள். கோப்பு பெரிதாகிறது என்றால் பிறகு மென்பொருளில் ஃபில்டர் செய்து 500 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். வெறும் துடிப்புக்கு 250 போதும்.

படி 3: கரண்ட் இரைச்சலோடு ஒத்துப்போகிறதா?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல் இசிஜியிலும் கலக்கும். 250, 500, 1000 மூன்றும் 50-ஆல் மீதியின்றி வகுபடும். 500-இல் மின்சார அலையின் ஒரு சுற்றுக்குச் சரியாக 10 சாம்பிள். அந்தப் பத்தின் சராசரியை எடுத்தாலே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் காணாமல் போகும். ஆனால் சும்மா போகாது, சுமார் 22 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் மழுக்கிவிட்டுத்தான் போகும். துடிப்பு எண்ண மட்டுமே இந்தக் குறுக்குவழி.

பலரும் பயன்படுத்தும் எம்ஐடி-பிஐஎச் இசிஜி தரவுத்தொகுப்பு 360 ஹெர்ட்ஸில் இருக்கிறதே என்று நாமும் 360 வைக்கத் தேவையில்லை. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் பதிவானது. அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டருக்கு வசதியாகவே 360-ஐத் தேர்ந்தார்கள். 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2.

படி 4: மாஸ்டர் கிளாக் (சிப் முழுவதையும் ஓட்டும் கிளாக்)

சிப்பின் உள் கிளாக் 512 கிலோஹெர்ட்ஸ். அதை 4-ஆல் வகுத்தால், சிக்னலை அளக்கும் பகுதியான மாடுலேட்டருக்கு 128 கிலோஹெர்ட்ஸ். அதை 256-ஆல் வகுத்தால் 500 சாம்பிள், 128-ஆல் வகுத்தால் 1000. சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் இடங்கள் ரெஜிஸ்டர்கள். கான்ஃபிக்1 ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் (பதினாறடி எண்) 02 எழுதினால் 500, 03 எழுதினால் 1000. பவர் கொடுத்ததும் சிப் தொடர்ந்து தரவு அனுப்பும் நிலையில் இருக்கும். அந்த நிலையில் ரெஜிஸ்டர் எழுத முடியாது. முதலில் ஹெக்ஸ் 11 கட்டளையை அனுப்பி அதை நிறுத்துங்கள்.

உள் கிளாக் அறை வெப்பத்திலேயே அரை சதவீதம் வரை பிசகலாம். பத்து நொடிப் பதிவில் இது தெரியாது. உடலில் மாட்டிக்கொண்டே எடுக்கும் 24 மணி நேர ஹோல்டர் பதிவில் 432 நொடி, ஏழு நிமிடத்துக்கு மேல். நீண்ட பதிவுக்கு வெளியே 2.048 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர் வைப்பது நல்லது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) தரம் என்றால் ஒரு நாளைக்குப் பிசகு 2 நொடிக்கும் குறைவு. ஆனால் கிளாக் டிவைடர் பிட்டை 1 ஆக்க மறக்காதீர்கள். வகுப்பது 4-லேயே நின்றால் மாடுலேட்டருக்கு நான்கு மடங்கு வேகம் போகும்.

படி 5: எஸ்பிஐ கிளாக் (சிப்பும் மைக்ரோகன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் இணைப்பின் வேகம்)

ஒரு சாம்பிளுக்கு 72 பிட்: நிலைத்தகவல் 24, சானலுக்கு 24 வீதம் இரண்டு. 1000 சாம்பிளுக்கு 73 கிலோஹெர்ட்ஸ் இருந்தாலே அடுத்தது வருமுன் படித்துவிடலாம். 1 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். ஒரு பைட் போக 8 மைக்ரோசெகண்ட் ஆகும். கட்டளையைப் புரிந்துகொள்ள சிப்புக்கு மாஸ்டர் கிளாக்கில் நான்கு சுற்று, அதாவது 512 கிலோஹெர்ட்ஸில் 7.8 மைக்ரோசெகண்ட் வேண்டும். இரண்டும் பொருந்திப்போகும். 4 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ரெஜிஸ்டர் எழுதும்போது பைட்டுக்குப் பைட் 6 மைக்ரோசெகண்ட் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் எழுதியது பதியாது.

படி 6: எண்ணிப் பாருங்கள்

உடம்பில் எலக்ட்ரோடு ஒட்டுமுன் பேட்டரிக்கு மாறுங்கள், லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். பிறகு, ஒவ்வொரு சாம்பிளும் தயாரானதைச் சொல்லும் டேட்டா ரெடி பின்னில் வரும் பல்ஸ்களை, கிரிஸ்டல் உள்ள மைக்ரோகன்ட்ரோலரின் டைமரை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 1000 சாம்பிள் என்றால் 60,000 வர வேண்டும். 60,240 வந்தால் உங்கள் உண்மையான ரேட் 1004. ஃபில்டர் கணக்கிலும் இதயத் துடிப்பு இடைவெளிக் கணக்கிலும் 1000-க்குப் பதிலாக அந்த 1004-ஐயே போடுங்கள்.