மீக்கடத்திக் காந்தத் தயாரிப்பு: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

துகள் முடுக்கிக்கு ஒரு காந்தம் செய்து காட்டுவது வேறு; அதையே ஆயிரம் முறை செய்வது வேறு. ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்.எச்.சி. முடுக்கியில், துகள் கற்றையை வளைக்கும் முதன்மை இருமுனைக் காந்தங்கள் மட்டுமே 1232. இவற்றின் சுருள்கள், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் மீக்கடத்திக் கேபிளால் ஆனவை. ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. 1.9 கெல்வின் குளிரில், 11,850 ஆம்பியர் மின்னோட்டத்தில் 8.33 டெஸ்லா புலம் தர வேண்டும். இந்த வேலையில் சுருள் சுற்றும்போது நேரும் பிழை பெரும்பாலும் அன்றைக்குத் தெரியாது. காந்தம் முழுதாக முடிந்து, குளிர்ந்து, மின்னோட்டம் ஏறும்போதுதான் தலைகாட்டும். சுற்றுவதற்கும் குளிர்ச் சோதனைக்கும் இடையே 12 வாரம் என்று வையுங்கள். வாரத்துக்கு 8 காந்தம் செய்யும் ஆலையில், பிழை தெரியவரும் நாளில் அதே பிழையோடு 96 காந்தங்கள் வரிசையில் நிற்கும். திட்டத்தில் நடக்கும் பெருந்தவறுகளில் பல, இந்த இடைவெளியைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை.

குளிர்ச் சோதனையை மட்டும் நம்புவது

சுருள்களைக் காந்தமேறாத எஃகுத் தகடுகளால், அதாவது காலர்களால், அழுத்திப் பூட்டிய உடனேயே அறை வெப்பநிலையில் புலத்தை அளக்கலாம். அதற்குச் சில ஆம்பியர் மின்னோட்டமே போதும். துளைக்குள், அதாவது துகள் கற்றை செல்லவேண்டிய நடுவெளிக்குள், சுழலும் அளவைச் சுருள், முதன்மைப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகலைக்கூடக் காட்டிவிடும். கடத்தி சில பத்து மைக்ரான் இடம் மாறினாலும், கேபிள் சுற்றுகளுக்கிடையே வைக்கும் செப்பு ஆப்பு ஒன்று மாற்றிச் செருகப்பட்டாலும், ஒரு தகட்டுத் துண்டு விடுபட்டாலும் அளவீட்டில் அதன் தடம் தெரியும். அந்த நிலையில் காலரைக் கழற்றினால் போதும். காலரைச் சூழும் இரும்பு நுகத்தைப் பொருத்தி வெளி உறையும் பற்றவைத்த பிறகு என்றால் பற்றவைப்பையே அறுக்க வேண்டிவரும். எல்.எச்.சி. இருமுனைக் காந்தங்களுக்கு இந்த அளவீடு தயாரிப்பாளர்களின் ஆலையிலேயே நடந்தது. அளந்தால் மட்டும் போதாது. அளவீட்டை ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை காந்தம் அடுத்த மேடைக்கு நகரக்கூடாது என்பதையும், அந்த ஒப்புதலுக்கு எத்தனை நாள் என்பதையும் கால அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும். இதை எழுதாத திட்டங்களில், அவசரம் வரும் முதல் வாரத்திலேயே அளவீடு வெறும் சடங்காகிவிடும்.

மின்காப்புச் சோதனையிலும் இதே போன்ற பொறி இருக்கிறது. ஹீலியம் வாயுவில் மின்முறிவு காற்றில் ஆவதைவிட மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே நேரும். குவென்ச் ஆகும்போது, அதாவது மீக்கடத்து நிலை முறியும்போது, சுருளைச் சுற்றி இருக்கப்போவது வெப்பமேறிய ஹீலியம்தான். அதனால் ஆலையில் உலர் காற்றில் செய்யும் சோதனைக்கு, இயங்கும்போது வரக்கூடிய மின்னழுத்தத்தைவிடப் பலமடங்கு கூடுதலாக வரம்பு வைக்க வேண்டும். சுற்றுகளுக்கிடையே குறுக்கிணைப்பு உண்டா என்று பார்க்கும் துடிப்புச் சோதனையை, சுற்றியபின், சூட்டில் இறுக்கியபின், காலர் பூட்டியபின் என ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்வதே சரி. கடைசியில் ஒரே ஒரு முறை செய்தால், எந்தப் படியில் காப்பு கிழிந்தது என்றே தெரியாது.

கேபிளை டன் கணக்கில் திட்டமிடுவது

கொள்முதல் ஆவணத்தில் டன் இருக்கலாம். சுற்றும் மேடைக்கு வேண்டியது இணைப்பில்லாத நீளம். எல்.எச்.சி. இருமுனைக் காந்தம் ஒன்றில் நான்கு சுருள்கள். ஒவ்வொரு சுருளிலும் இரண்டு அடுக்குகள். உள்ளடுக்குக் கேபிளில் 28 இழை, வெளியடுக்குக் கேபிளில் 36 இழை. ஆக ஒரு காந்தத்துக்கு எட்டுத் துண்டுகள், அதில் உள்ளடுக்குக்கு மட்டும் மொத்தம் 4928 முழுநீளத் துண்டுகள். ஓர் அடுக்குக்கு 450 மீட்டர் தேவை என்றால், 800 மீட்டர் கேபிளிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். மிச்சம் 350 மீட்டர் எடையில் வரும், பயனில் வராது. கம்பி இழுக்கும்போது இழை அறுவது சகஜம். நீளங்களின் பரவலை முதலிலேயே கேட்டு வாங்காவிட்டால் கணக்கு எப்போதும் இடிக்கும்.

இரண்டு தயாரிப்பாளர்களின் கேபிளை ஒரே காந்தத்தில் கலப்பதும் வேண்டாம். மீக்கடத்து இழைநார்களின் தடிமன் மாறினால் அவற்றில் நிலைத்து ஓடும் மின்னோட்டமும் மாறும். துகள்கள் நுழையும் தாழ்ந்த புலத்தில், எல்.எச்.சி.யில் அது சுமார் 0.54 டெஸ்லா, இந்த வேறுபாடு ஆறுமுனைப் பிழையாக, அதாவது சீரான புலத்தோடு கலக்கும் வேண்டாத ஆறுமுனைப் புலமாக, எழும்.

நியோபியம்-டைட்டானியம் திட்டத்தையே நியோபியம்-டின்னுக்கு நகலெடுப்பது

இதுவரை சொன்ன எல்.எச்.சி. இருமுனைக் காந்தங்களின் கேபிள் நியோபியம்-டைட்டானியம். அதைவிட உயர்ந்த புலத்துக்குப் பயன்படுவது நியோபியம்-டின். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். நியோபியம்-டின் கேபிளைச் சுற்றி முடித்த பிறகு சுமார் 650 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால்தான் மீக்கடத்திச் சேர்மமே உருவாகும். படிப்படியாக ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் உலையில் ஏறத்தாழ இரண்டு வாரம் போய்விடும். பாலிஇமைடு காப்பு அந்தச் சூட்டைத் தாங்காது. கண்ணாடி நாரும் மைக்காவும்தான் தாங்கும். சேர்மம் உருவானபின் கடத்தி நொறுங்கும் தன்மையுடையது. அதைத் தூக்கி வேறு அச்சில் வைத்து, இறுகிப் பிடிக்கும் எபாக்ஸிப் பிசினைச் செலுத்தும்வரை ஒவ்வொரு அசைவும் ஆபத்துதான்.

உலையை எண்ணிப் பாருங்கள். பொருத்தவும் கழற்றவும் ஒரு வாரம் சேர்த்து மூன்று வாரம். ஓர் உலை ஒரு சுருள் என்றால் ஆண்டுக்கு 17 சுருள். கற்றையைக் குவிக்கும் நான்முனைக் காந்தத்துக்கு நான்கு சுருள் வேண்டும். எதுவும் கழியாவிட்டாலும் நான்கு காந்தம்தான். சுற்றும் மேடைகளைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. உலை அச்சும் எபாக்ஸி அச்சும் எத்தனை ஜோடி என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். உலையில் கடத்தி சற்றே பருக்கும் என்பதையும் அச்சு வடிவமைக்கும்போதே சேர்க்க வேண்டும்.

மாதிரிக் காந்தம் ஒருமுறை குளிர்ந்து இலக்கு மின்னோட்டத்தைத் தொட்டதும் தொடர் உற்பத்தியைத் திறப்பது அடுத்த தவறு. எல்.எச்.சி. மேம்பாட்டுக்கான 11 டெஸ்லா இருமுனைக் காந்தங்களில், குளிரவைத்து மீண்டும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்த சுற்றுகளுக்குப் பிறகு செயல்திறன் சரிந்தது. அவற்றைப் பொருத்தும் திட்டம் கைவிடப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களில், பல வெப்பச் சுற்றுகளோடு சோதனை முடியும்வரை காத்திருப்பது நேர விரயம் ஆகாது.

பாதிவழியில் துளையை மாற்றுவது

அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கப்பட்ட எஸ்.எஸ்.சி. (மீக்கடத்திப் பெருமோதி) முடுக்கியில் இருமுனைக் காந்தத்தின் துளை 40 மில்லிமீட்டரிலிருந்து 50 ஆனது. மாற்றத்துக்கு இயற்பியல் காரணம் நியாயமானதே. ஆனால் துளை மாறினால் கேபிள், காலர், நுகம், அச்சு எல்லாமே மாறும். செலவு ஏறியதில் அதற்கும் பங்குண்டு. 1993இல் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. துளை, நீளம், இயங்கு வெப்பநிலை மூன்றையும் அச்சுகளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே பூட்டிவிட வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகட்டுத் துண்டின் தடிமன் போன்ற திருத்தங்களுக்கு இடம் விட்டு வைக்கலாம். புல அளவீடுகள் வர வர அவை தேவைப்படும்.

காந்தத்தோடு கணக்கை முடிப்பது

சோதனை மேடைகளும் உற்பத்தி வரிசையின் உறுப்புகளே. செர்னில் இதற்கு 12 மேடைகள் இருந்தன. பொருத்தி, குளிரவைத்து, சோதித்து, சூடேற்றிக் கழற்ற ஒரு காந்தத்துக்குப் பத்து நாள் என்று வைத்தால் ஒரு மேடை ஆண்டுக்கு 36 காந்தமே தரும். அதற்கு மேல் செய்வது கிடங்கை நிரப்பும். கிடங்கில் நுனிகளை அடைத்து, உட்புறத்தை ஈரம் புகாமல் காக்கவும் ஆள் வேண்டும்.

சுரங்கத்தில் காந்தத்தையும் காந்தத்தையும் இணைக்கும் மூட்டுகளும் உற்பத்திதான். எல்.எச்.சி.யில் அப்படிச் சுமார் 10,000 உயர்மின்னோட்ட மூட்டுகள். ஒவ்வொன்றின் மின்தடையும் ஒரு நானோஓமுக்குக் கீழே இருக்க வேண்டியது. 2008 செப்டம்பர் 19 அன்று அதில் ஒரே ஒரு மூட்டு, 200 நானோஓம் அளவுக்கு மின்தடையோடு, எரிந்து ஹீலியம் உறையைத் துளைத்தது. ஆறு டன் அளவுக்கு ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே எடுக்க நேர்ந்தது. பலவற்றுக்குப் பதிலாக உதிரிக் காந்தங்கள் இறங்கின. உதிரியின் எண்ணிக்கையை ஒப்பந்தம் போடும்போதே எழுதுங்கள். கடைசிக் காந்தம் ஆலையை விட்டுப் போன பிறகு அச்சுகளைப் பிரித்துவிட்டால், இன்னொன்று செய்வதற்கு முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.