‘நாய்சம்’: இரைச்சலோடு உறவில்லாத சொல்

ஆங்கில இலக்கியம் படிக்கிற மாணவர்களை அடிக்கடி தடுக்கி விழவைக்கும் பெயரடை ‘நாய்சம்’ (noisome). பார்த்தவுடன் ‘நாய்ஸ்’ நினைவுக்கு வந்து, ‘இரைச்சலான’ என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேரில் வந்தவை. தொல்லை கொடுப்பதைக் குறிக்கும் ‘அனாய்’ (annoy) என்ற வினையின் முதலெழுத்து உதிர்ந்த பழைய வடிவத்தோடு, ‘டயர்சம்’, ‘ட்ரபிள்சம்’ ஆகியவற்றில் வரும் ‘சம்’ ஒட்டிப் பிறந்தது இது. இன்றைய பொருள், குமட்டும் நாற்றமுள்ள என்பது. ‘நாய்சம் டிராஃபிக்’ என்று கட்டுரையில் எழுதினால் போக்குவரத்து நாறுகிறது என்றுதான் ஆகும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அகராதியில் ‘துர்நாற்றம்’ என்று பார்த்துவிட்டு, அதையே பழைய நூல்களிலும் பொருத்துவது. அந்தக் காலத்தில் இந்தச் சொல்லுக்குத் தீங்கு செய்கிற, கேடு விளைக்கிற என்ற பொருளே முதன்மை. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் 91-ஆம் சங்கீதம் கொள்ளைநோயை ‘நாய்சம்’ என்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அது ‘பாழாக்கும் கொள்ளைநோய்’. எசேக்கியேல் 14-ஆம் அதிகாரத்தில் அதே அடை மிருகங்களுக்கு வருகிறது, தமிழில் ‘துஷ்டமிருகங்கள்’. அந்த மிருகங்கள் நாறியதால் அல்ல, ஆளைக் கொன்றதால் அந்தப் பெயர். ஆங்கிலப் பதிப்பையும் தமிழையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது சட்டென்று விளங்கும். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி அதுதான்.

ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் தோட்டக்காரன் பேசும் இடம் எனக்கு மிகப் பிடித்தது. மண்ணின் வளத்தை வீணே உறிஞ்சும் களைகளை ‘நாய்சம்’ என்றும், அதை இழக்கும் பூக்களை ‘ஹோல்சம்’ என்றும் சொல்கிறான். ஒன்று கெடுப்பது, மற்றது நலம் தருவது. பேச்சு தோட்டத்தைப் பற்றியது போலிருந்தாலும், அரசனைச் சுற்றி நாட்டை உறிஞ்சியவர்களைத்தான் அது சுட்டுகிறது. இங்கே ‘நாற்றமடிக்கும் களை’ என்று பெயர்த்தால் அந்த அரசியல் முழுவதும் காணாமல் போகும்.

ஆங்கிலக் கவிஞர் மில்டனிடம் கொஞ்சம் நிதானம் தேவை. அவருடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் பதினோராம் காண்டத்தில் ஆதாம் காணும் நோயாளிகள் கூடம் துயரமும் இருளும் நிறைந்தது, ‘நாய்சம்’ ஆனது. அங்கே நாற்றம், கேடு இரண்டும் பொருந்தும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

நாமே எழுதும்போது, வியர்த்த சட்டைக்கும் அலுவலகக் கழிப்பறை பற்றிய புகார்க் கடிதத்துக்கும் இந்தச் சொல் வேண்டாம், ‘ஸ்மெல்லி’ போதும். தேங்கிய சாக்கடை, அழுகிய பிணம், காற்றோட்டமில்லாத பழைய சிறைக்கூடம் போன்றவற்றை எழுதும்போது எடுத்துக்கொள்ளலாம்.