பெல்ட் சேண்டர்: சுவிட்சைத் தட்டும் முன்பே நடக்கும் தவறுகள்

தீபாவளி நெருங்கிவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்க உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்தான். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்தபோது கழற்றிக்கொண்டு வந்த கதவு, அம்மாவின் பால்மரக் (ரப்பர் மரக்) கட்டில், சாமி அலமாரி எல்லாம் முன்வாசலுக்கு வந்துவிடும். கைவலிக்கத் தேய்த்தவர்கள் இப்போது உப்புத்தாள் பட்டையைச் சுழலவிட்டு மரத்தைத் தேய்க்கும் மின்கருவியான பெல்ட் சேண்டர் வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் அதற்கு ஓடும் குணம் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வேலை நடுவில் மழை கொட்டி மின்சாரம் போனது. மச்சான் இயந்திரத்தை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டார். விசையைப் பூட்டும் பொத்தானை விடுவிக்கவில்லை. மறுநாள் பிளக்கைச் சொருகிச் சுவர் சுவிட்சைத் தட்டினேன். நான்கைந்து கிலோ எடையுள்ள அந்த இயந்திரம் மேசையின்மேல் தானாகவே ஓடி, விளிம்பைத் தாண்டி, என் மகள் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது. சிமெண்டுத் தரையில் கிடந்தும் பெல்ட் நிற்காமல் சுழன்றது. அன்றிலிருந்து விசையை ஒருமுறை அழுத்தி விட்டுப் பார்க்காமல் நான் பிளக்கைத் தொடுவதில்லை. இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தே வைக்கிறேன்.

பெல்ட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெல்ட்டின் உள்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், அது இயந்திரத்தில் உள்ள அம்புக்குறியின் திசையிலேயே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டுப்போட்ட இடம் பிய்ந்து அறுந்துபோகும். பிறகு இயந்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கணம் ஓடவிட்டு, பெல்ட் ஓரத்துக்கு நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் பக்கத்திலுள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பெல்ட் இயந்திரத்தின் உடம்பையே அரித்துவிடும்.

பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் தொடங்காதீர்கள். பெல்ட் பின்னோக்கி ஓடுவதால், பிடிப்பில்லாத பலகை நேராக உங்கள் வயிற்றுக்குத்தான் வரும்.

கட்டிலைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். பலகைமேல் வைத்துவிட்டு விசையை அழுத்துகிறார்கள். அந்த இடத்தில் குழி விழுகிறது. ஓடவிட்ட பிறகே மெதுவாக இறக்க வேண்டும், பலகையிலிருந்து தூக்கிய பிறகே நிறுத்த வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, மரத்தின் ரேகை போகும் திசையில் நகர்த்திக்கொண்டே இருங்கள். அழுத்தத் தேவையில்லை. எங்கள் தாமானில் உள்ள வயதான தச்சர் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, நீ வழி காட்டு, அதன் எடை தேய்க்கும்." 80ஆம் எண் சொரசொரப்பான பெல்ட்டில் தொடங்கி, அதைவிட நைசான 120க்குப் போனால் பால்மரத்துக்குப் போதும். பிளைவுட் கதவில் இதை வைக்கவே வேண்டாம். மேல்தாள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நொடியில் உள்பலகை தெரிந்துவிடும்.

தூசியைச் சாதாரணமாக நினைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பழைய கதவின் பெயிண்ட்டில் ஈயமும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அதைச் சேண்டரால் தேய்க்கவே கூடாது. முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள், கண்ணாடியும் காதடைப்பானும் போடுங்கள். கதவில் ஆணி இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். பெல்ட் ஆணியில் உரசிப் பறக்கும் பொறி தூசிப்பைக்குள் போனால் உள்ளேயே கனன்று தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் பையை வீட்டுக்கு வெளியே கொட்டிவிடுங்கள்.

கைலியோடும், கையில் கட்டிய சாமிக் கயிறு தொங்கவும் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். மின்கம்பியைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் பெல்ட்டுக்கு அடியில் சிக்காது.

மீதமுள்ள பெல்ட்டுகளை மடித்து வைக்காமல் ஒரு தடித்த குழாயில் மாட்டி, ஈரம் படாத அறையில் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் பசை இளகிவிடும்.