கானாற்று வெள்ளத்துக்கு ஊரே வைக்கும் எச்சரிக்கை ஏற்பாடு: வேலூர் பக்கத்து ஊர்களுக்கான செய்முறை

பாலாற்றில் தண்ணீர் வரப்போகிறது என்றால் ஊரெல்லாம் முன்கூட்டியே பேச்சு கிளம்பிவிடும், செய்தியிலும் வரும். கானாற்றுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. பத்து மாதம் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஜவ்வாது மலையிலோ பேரணாம்பட்டுப் பக்கத்துக் காட்டிலோ இரவில் கொட்டினால், ஊரில் தூறல்கூட இல்லாதபோதே தரைப்பாலம் மூழ்கிவிடும். கானாற்றங்கரையில் வீடுகள் உள்ள ஊராட்சிகள் தாங்களே எச்சரிக்கை ஏற்பாடு செய்துகொள்ள இதைப் படிக்கலாம்.

கருவி வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். கணக்கைக் கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தாழ்வான தெருவில் முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஆடுமாடு எல்லாம் மேட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பகலில் ஒருமுறை நடந்து பார்த்து, இரவுக்கு அதை இரண்டு மடங்காக வையுங்கள். 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றின் மேல்பக்கத்தில் நின்று பார்த்தவர் உறுதி செய்ய 5, போன் செய்ய 5, சங்கு (சைரன்) ஊதி எல்லோரும் விழித்துக்கொள்ள 10 என்று சேர்த்தால் மொத்தம் 50 நிமிடம் தேவை.

அடுத்து, தண்ணீர் வரும் வேகம். வெள்ளம் வடியும் நாளில் நேராக ஓடும் 50 மீட்டர் தூரத்தை அளந்து, பாதுகாப்பான கரையில் நின்று ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் வரும். ஆனால் பெருவெள்ளம் வடியும் தண்ணீரைவிட வேகமாக வரும். அதனால் திட்டத்துக்கு நொடிக்கு 2.5 மீட்டர் என்று கூட்டியே வைப்பது நல்லது. ஊருக்கு 5 கிலோமீட்டர் மேலே தண்ணீரைப் பார்த்தால், அந்த வேகத்தில் வெள்ளம் 33 நிமிடத்தில் ஊருக்கு வந்துவிடும். உங்களுக்கோ 50 வேண்டும். ஆற்றில் அளவுகோல் மட்டும் நட்டால் போதாது, மழையையும் மேலேயே அளக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மழைமானி

வாய் 16 செ.மீ. விட்டமுள்ள புனல் ஒன்று, 5 லிட்டர் கேன் ஒன்று, மில்லிலிட்டர் கோடு போட்ட அளவுக் குடுவை ஒன்று போதும். 16 செ.மீ. வாயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. ஆகவே கேனில் சேரும் ஒவ்வொரு 20 மி.லி.யும் 1 மி.மீ. மழை. 5 லிட்டர் கேன் 250 மி.மீ. வரை தாங்கும். மரத்தடியில் வைக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தள்ளி, புனலின் விளிம்பு மட்டமாக இருக்கும்படி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நடுங்கள். தாழ்வாக வைத்தால் தரையில் தெறிக்கும் துளியும் கணக்கில் சேரும்.

மலையடிவாரத்தில் ஒன்றும், முடிந்தால் மலைக் கிராமத்துப் பள்ளியிலோ ரேஷன் கடையிலோ ஒன்றும் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும். வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான், ஒப்பிட எளிது. மழை பலத்தால் மணிக்கொருமுறை.

எத்தனை மி.மீ. ஆபத்து என்பதற்கு ஒரே எண் கிடையாது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அக்டோபரில் ஏரிகள் வறண்டிருக்கும், முதல் மழையை அவை விழுங்கிவிடும். நவம்பர் பாதியில் ஏரிகள் கோடி போக (நிரம்பி வழிய) ஆரம்பித்த பிறகு, அதே மழை ஒரு சொட்டுத் தங்காமல் கீழே வரும். 2021 நவம்பரில் இந்தப் பக்கம் வெள்ளம் அவ்வளவு பெரிதானதில், ஏரிகள் முன்பே நிரம்பியிருந்ததற்கும் பங்கு உண்டு. 15 சதுர கி.மீ. வடிபரப்பில் 50 மி.மீ. பெய்து பாதி ஓடிவந்தாலே 37.5 கோடி லிட்டர். எனவே இரண்டு எல்லை வையுங்கள். ஏரி நிரம்பும் முன் 3 மணி நேரத்தில் 60 மி.மீ., கோடி போன பின் 30 மி.மீ. என்று தொடங்கலாம். இவை தொடக்க எண்கள்தான். இரண்டு பருவம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு உங்கள் ஆற்றுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவுகோல்

ஆற்றின் மேல்பக்கத்தில் ஒன்று, ஊர்ப் பாலத்தில் ஒன்று. பாலத் தூணின் எதிர்முகத்தில் எழுதினால் தண்ணீர் மோதி உயர்ந்து தெரியும், பின்முகத்தில் பள்ளமாகத் தெரியும். கரையை ஒட்டிய சுவரின் பக்கவாட்டில் எழுதுவதே சரி. வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்து, 10 செ.மீ.க்கு ஒரு கறுப்புக் கட்டம், ஒவ்வொரு மீட்டருக்கும் பெரிய எண். இரவில் டார்ச் அடித்தால் தெரிய, முக்கியமான கோடுகளில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பாலம் எந்தத் துறையுடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று கோடு போதும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே மஞ்சள்: கவனம். தரைப்பாலம் மூழ்கும் மட்டம் ஆரஞ்சு: போக்குவரத்து நிறுத்தம், மூட்டை கட்டு. முதல் வீட்டு வாசற்படிக்கு அரை மீட்டர் கீழே சிவப்பு: வெளியேறு. வாசற்படி மட்டத்தைப் பாலத்துக்குக் கொண்டுவர கொத்தனாரின் டியூப் லெவல் போதும். ஆனால் வீடு பாலத்திலிருந்து தள்ளி இருந்தால் ஆற்றின் சரிவால் தவறு வரும். அப்போது பழைய வெள்ளத்தில் செத்தை ஒட்டிய உயரத்தை இரண்டு இடத்திலும் கேட்டறிந்து ஒப்பிடுங்கள்.

ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. சிறிய காரைத் தூக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். தரைப்பாலத்தின் இரண்டு முனையிலும் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள், குறுக்கே போடச் சங்கிலியும் வேண்டும்.

மழை நிற்காமலே மட்டம் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். மேலே எங்கோ பாலத்துக் கண்ணில் கருவேலமும் குப்பையும் அடைத்துக்கொண்டிருக்கும். அது உடைந்தால் சுவராக வரும். அப்படி இறங்கினால் உடனே ஆரஞ்சு.

ஏரிக்கரை

மழைவெள்ளத்தைவிட ஏரி உடைப்பு கொடியது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த பாலாற்று வெள்ளத்துக்கு மேலே மைசூர்ப் பகுதியில் பேத்தமங்கலம் ஏரி உடைந்ததும் காரணம். உங்கள் கானாற்றில் மேலே இருக்கும் ஒவ்வொரு ஏரிக்கும் ஒருவர் பொறுப்பு. நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிடுபவர்) இருக்கும் ஊரில் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. கரையின் அடியில் கசிவு தெளிவாக இருந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துப் போகிறது என்று பொருள். மஞ்சள், ஆரஞ்சு எதுவும் இல்லாமல் நேராகச் சிவப்பு. கரை உச்சியில் பள்ளம், நீளவாக்கில் வெடிப்பு, இவையும் அப்படியே. கலங்கலில் (ஏரி நிரம்பினால் வழியும் இடம்) மணல்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவது பல ஊரில் நடக்கிறது. பயிருக்கு என்று செய்கிறார்கள், கீழே இருப்பவர்களுக்கு அது எமன். பருவம் தொடங்கும் முன்பே இரண்டு ஊராரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டும்.

பொன்னை ஆற்றங்கரை ஊர்கள் சித்தூர்ப் பக்கத்துக் கலவகுண்டா அணைத் திறப்பையும், குடியாத்தம் கவுண்டன்ய மகாநதிக் கரையினர் மோர்தானா அணை நிரம்புவதையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மின்கருவி வேண்டுமானால்

மனிதக் கண் முதலில், கருவி துணைக்கு. எளிய வழி: 4 அங்குல பிவிசி குழாயில் துளையிட்டுக் கரைச்சுவரில் கிளாம்ப் அடித்து, உள்ளே தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் ஃப்ளோட் ஸ்விட்சை ஆரஞ்சு மட்டத்தில் தொங்கவிட்டு, ஐந்து போன் எண்களுக்குத் தானே அழைக்கும், சிம் போட்ட ஜிஎஸ்எம் பெட்டியுடன் இணைப்பது. சராசரி 100 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி. புயல் நாளில் வெயிலே இருக்காது, பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கவும் கூடாது. ஆகவே 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டாம் நாளே படுத்துவிடும். 12 வோல்ட் 18 ஆம்பியர்-மணியும் 20 வாட் சோலார் பலகையும் வையுங்கள்.

கெட்டுப்போவது எப்படி? குழாய்க்குள் வண்டல் அடைத்து ஃப்ளோட் எழாது. எறும்பும் குளவியும் பெட்டிக்குள் கூடு கட்டும். பழைய 2ஜி பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, ரீசார்ஜ் முடிந்து சிம் செத்துப்போவது. ரீசார்ஜ் யார் பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஃப்ளோட்டைக் கையால் தூக்கி, போன் வருகிறதா பாருங்கள்.

சத்தம், ஆட்கள்

வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு யாரும் பார்க்கமாட்டார்கள், போன வருஷத்து வீடியோவும் சேர்ந்து சுற்றும். போன் அழைப்புச் சங்கிலி ஒன்று, சங்கு ஒன்று, கோயில் மசூதி ஒலிபெருக்கி ஒன்று. எது பழுதானாலும் மற்றது இருக்கும். மழையில் கரண்ட் முதலில் போகும், ஆம்ப்ளிஃபயருக்குத் தனி பேட்டரி வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கத்தில் கம்பெனிச் சங்கு தினமும் ஊதுகிறது. உங்கள் சங்கு அதிலிருந்து வேறுபடட்டும்: 10 நொடி ஊதி 5 நொடி நிறுத்தி, விடாமல் மூன்று நிமிடம். ஷூ கம்பெனிக்கு இரவு ஷிஃப்ட் போனவர்கள் வீட்டில் குழந்தைகளும் பாட்டியும் மட்டும் இருப்பார்கள். அந்த வீடுகளைத் தனியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்த் தட்ட ஒருவரை வையுங்கள்.

மேலே இருந்து வரும் போனில் சொல்ல வேண்டியது நான்கே: எந்த இடம், என்ன மட்டம், ஏறுகிறதா இறங்குகிறதா, என்ன நேரம். சங்கு ஊத மூன்று பேருக்கு அதிகாரம் கொடுங்கள், அவர்களில் யார் எடுத்த முடிவும் போதும். தலைவரைத் தேடிக்கொண்டிருந்தால் 33 நிமிடம் போய்விடும். ஊதியபின் கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்கும் சொல்லுங்கள். தண்ணீர் வராமல் போனால் ஊதியவரைத் திட்டக் கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். இதற்கெல்லாம் ஆகஸ்ட் 15 கிராம சபைதான் சரியான நாள்; அக்டோபர் 2க்குள் ஒத்திகை முடிந்துவிட வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மண்சுவர், பழைய சுவர் வீடுகளை ஒரு கொத்தனார் பார்த்துச் சொன்ன பிறகே உள்ளே போகவேண்டும். அந்த வாரத்திலேயே செத்தை ஒட்டிய உயரத்தை ஒவ்வொரு தெருவிலும் பெயின்டால் தேதியோடு குறியுங்கள். விட்டுவிட்டால் அடுத்த மழையில் செத்தைத் தடம் அழிந்துவிடும். ஆற்றுப் படுகை மணல் அரித்தோ அள்ளியோ இறங்கியிருந்தால் பழைய கோடுகள் பொய் சொல்லும். ஜனவரியில் மூன்று கோடுகளையும் மறுபடி சரிபாருங்கள்.