26 வயது வரை அப்பா அம்மா காப்பீடு: வெறும் அட்டையாக வைத்திருக்காதீர்கள்

அமெரிக்காவில் 2010-இல் வந்த ஒபாமாகேர் சட்டப்படி, பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகள் 26 வயது ஆகும் வரை இருக்கலாம். கல்யாணம் ஆகியிருந்தாலும், தனியாக வேறு ஊரில் இருந்தாலும் சரி. இதனால் காப்பீடு இல்லாத இளைஞர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் அட்டை இருப்பது வேறு, டாக்டரிடம் போவது வேறு. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தள்ளிப்போடுகிற வயது அது!

பெரும்பாலான திட்டங்களில் ரத்த அழுத்தப் பரிசோதனை, ஃப்ளூ தடுப்பூசி, ஹெச்பிவி தடுப்பூசி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரானது), மனச்சோர்வு பரிசோதனை எல்லாம் கைக்காசு இல்லாமலே கிடைக்கும். டாக்டர் உங்கள் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில், இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "பிரிவென்டிவ் விசிட்" (நோய் வருமுன் காக்கும் பரிசோதனை) என்று சொல்லிவிடுங்கள். போன இடத்தில் பழைய முட்டி வலியையும் சேர்த்துக் காட்டினால் அதற்குத் தனியாக பில் வரலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம் ஒன்று: எந்தச் சிகிச்சை என்ற விவரக் கடிதம் பாலிசி வைத்திருக்கும் பெற்றோருக்குப் போகும். வேண்டாமென்றால் உங்கள் முகவரிக்கே அனுப்பும்படி காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். 26 முடிந்து காப்பீடு போய்விட்டால், புதிய திட்டத்தில் சேர மார்க்கெட்பிளேஸில் (ஒபாமாகேர் சட்டப்படி காப்பீடு வாங்கும் சந்தை) 60 நாள் அவகாசம் உண்டு.