உண்ணிச்செடியை வேரோடு எடுப்பது எப்படி, எடுத்த குச்சியை என்ன செய்வது

நீலகிரியில் கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு உண்ணிச்செடி (லாண்டானா) எது என்று சொல்லத் தேவையில்லை. மஞ்சளும் ரோஸுமாகப் பூக்கும், தொட்டால் கையைக் கீறும், இலையைக் கசக்கினால் வாடை மூக்கில் ஏறும். 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடி என்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது நம் ஊர் மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை, காட்டோரம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அது மூடிய இடத்தில் புல் இல்லை, புல் இல்லாத இடத்தில் மாட்டுக்கும் மானுக்கும் யானைக்கும் வேலை இல்லை, அப்புறம் அவை வேறு எங்கே வரும் என்பது வாழை போட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதை ஒரு ஊராகச் சேர்ந்து எடுப்பது எப்படி, எடுத்ததில் கொஞ்சம் காசு பார்ப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இது கீழ்ச்சரிவுகளுக்கான முறை. ஊட்டி, குந்தா மேல்மலைகளில் சிக்கல் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும்தான் (யூகலிப்டஸ்), அதற்கு வழி வேறு.

முதலில் நாங்கள் செய்த தப்பு. முதல் வருடம் முப்பது பேர் அருவாளோடு போய், கணுக்கால் உயரத்தில் வெட்டி, ஒரே வாரத்தில் பெரிய இடத்தைத் திறந்துவிட்டோம். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா மட்டும் கட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேயிலையைக் கவாத்து பண்ணினா என்ன ஆகும் தம்பி? இதுக்கும் அதேதான்." அடுத்த மழை முடிந்ததும் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் எட்டு பத்து கிளை விட்டிருந்தது. வெட்டுவது அதற்குக் கவாத்து, தழைக்கட்டும் என்று கிளையை நறுக்கிவிடுவது மாதிரி. தீ வைப்பதும் அப்படித்தான், மேலே கருகும், அடியிலிருந்து துளிர்க்கும், நடுவில் நின்ற நெல்லியும் வேங்கை மரமும்தான் சாகும்.

ஒரு செடியைத் தோண்டி அடியைப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் நுழைகிற இடத்தில் முடிச்சு மாதிரி தடித்திருக்கும். துளிர் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஒன்றிரண்டு அங்குல ஆழத்தில் ஆணிவேரை வெட்டிவிட்டால் செடியின் கதை முடிந்தது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு பரப்பிய முறை இது. மருந்து வேண்டாம், ஜேசிபி வேண்டாம், மண்ணைக் கிளறிப் போடவும் வேண்டாம்.

செய்யும் விதம்: இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் கவட்டைக் கம்பால் புதரை ஒரு பக்கம் தள்ளிப் பிடிக்க, மற்றவர் குனிந்து பிக்காசின் அகல முனையால் முடிச்சுக்குக் கீழே ஒரே போடு. சரியாக விழுந்தால் தள்ளிப் பிடித்தவர் கையில் செடி சட்டென்று எடை குறையும், பழகினால் அந்த அசைவிலேயே வேர் அறுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். உடனே புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி பாறை மேலோ வேறு புதர் மேலோ போட்டுவிடுங்கள். ஈரமண்ணில் தண்டு படுத்துக் கிடந்தால் கணுவில் வேர் விடும், இதை மறந்துதான் பலர் ஒன்றை எடுத்து நான்கை நடுகிறார்கள். இழுத்துக்கொண்டும் போகாதீர்கள், போகிற வழியெல்லாம் பழம் உதிரும்.

காலம் முக்கியம். கோடை மழை இரண்டு பெய்து மண் இளகியதும் தொடங்கலாம், தென்மேற்கு மழை விட்ட பிறகும் செய்யலாம். காய் கறுத்துப் பழுப்பதற்குள் அந்த இடத்தை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பழுத்தால் கொண்டைக்குருவி தின்று நாலு மலைக்கும் விதைத்துவிடும். பச்சைக் காய் விஷம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையும் மாட்டுக்கு ஆகாது, ஈரலைக் கெடுக்கும், வெட்டிய குவியல் பக்கம் மாடு கட்டாதீர்கள்.

எங்கே தொடங்குவது? பெரிய இடத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். உங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிற ஊற்றுக்கு மேலே ஒரு துண்டு, அரை ஏக்கர் போதும். சின்ன இடத்தை ஊரே காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கோத்தகிரி லாங்வுட் சோலையைப் பாருங்கள், மொத்தமே 116 ஹெக்டேர்தான், சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் தண்ணீர், அங்கே உள்ளூர்க்காரர்கள் குழுவாக நின்று காத்தார்கள், 2024-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. ஓடைக்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் ஒரே வருடத்தில் மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், மழையில் மண் இறங்கிவிடும். பட்டை பட்டையாக எடுங்கள், எடுத்த பட்டையில் புல் பிடித்த பிறகு அடுத்தது. புதருக்குள் நாட்டுமரக் கன்று நிற்கும், முள்ளுக்குப் பயந்து மாடு வராததால் தப்பித்த கன்று அது. வேலை தொடங்கும் முன்பே அதற்கெல்லாம் ஒரு துணி கட்டிவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் பேசினால் முடிந்தது. காப்புக்காடு, புலிகள் காப்பகம் என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் வாங்காமல் ஒரு குச்சி கூட எடுக்காதீர்கள். பழங்குடி ஊர்களுக்கு 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டம் இருக்கிறது, காட்டைக் காக்கவும் மீட்கவும் கிராம சபைக்கு அதில் உரிமை உண்டு. சமூக உரிமைக்கு பி படிவம், சமூக வன வளத்துக்கு சி படிவம். எங்கள் பக்கம் பலர் தனியாள் நில உரிமைக்கான ஏ படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள், மற்ற இரண்டையும் கேட்டு வாங்கி நிரப்புங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் இடத்தின் எல்லை, எந்த மாதம், எத்தனை பேர், குச்சி யாருக்கு என்று நான்கும் இருக்கட்டும்.

காலை ஒன்பது மணிக்கு முன் புதருக்குள் போகாதீர்கள், நான்கு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். உள்ளே யானை நின்றால் பத்தடியில் கூடத் தெரியாது. கரடியும் காட்டெருமையும் அப்படித்தான். காட்டு வாடை பிடிக்கத் தெரிந்த ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து வரட்டும், அவருக்கும் அன்றைய கூலி உண்டு.

சரி, குச்சிக்கு வருவோம். கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் உண்ணிக்குச்சியில் நிஜ அளவு யானைகள் செய்து, அவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-இல் அமெரிக்கா போயின. நாமும் யானையில் தொடங்க வேண்டும் என்பதில்லை. மோடா (முதுகில்லாத சின்ன இருக்கை), கூடை, நாற்காலி போதும்.

சுண்டுவிரல் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை, நேராக ஓடிய குச்சிகளைத் தனித்தனிக் கட்டாகப் பிரியுங்கள். மரத்தின் மேல் ஏறிய பழைய கொடியில்தான் நீளக் குச்சி கிடைக்கும். தார் பீப்பாயை நெடுக்கில் பாதியாக அறுத்து, கல் அடுப்பில் வைத்து, குச்சி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, சில மணி நேரம் வேக விடுங்கள். விறகுக்கு அதே செடியின் காய்ந்த வேர்க்கட்டை. வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்து நுனியில் நகத்தால் கீறுங்கள், பட்டை பாம்புச்சட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தால் பதம், துண்டு துண்டாகப் பிய்ந்தால் இன்னும் வேக வேண்டும். உள்ளே வெளிர் மஞ்சளில் வழவழப்பாக இருக்கும். சூட்டோடு வளைக்க வேண்டும். ஆறினால் உடையும். அதனால் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே வளைக்கிற அச்சு இருக்கட்டும், பலகையில் ஆணி அடித்தாலே அச்சு ஆகிவிடும். தடித்தது சட்டம், மெல்லியது பின்னல். நிழலில் உலர்த்தி, உப்புத்தாள் போட்டு, மெருகு பூசினால் மழைக்காலத்திலும் தாங்கும். இந்தக் கட்டையைக் கரையான் லேசில் அண்டாது.

விலை போடுவதில்தான் எல்லாக் குழுவும் சறுக்குகிறது. பின்னிய நாளை மட்டும் கணக்குப் போட்டு விற்கிறார்கள். செடி எடுத்த நாள், சுமந்த நாள், வேகவைத்த நாள், உரித்த நாள், கடைக்குக் கொண்டுபோன வண்டிக்கூலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்து மோடா செய்து முடிக்க மொத்தம் எத்தனை ஆள்நாள் ஆனது என்று பார்த்து, ஒரு ஆள்நாளுக்கு ஊர்க் கூலி போட்டு, மேலே ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். அந்தப் பங்கு லாபத்தில் சேராது. அடுத்த இரண்டு வருடம் அதே இடத்துக்குத் திரும்பிப் போகிறவர்களின் கூலி அது. அது இல்லாமல் யாரும் போக மாட்டார்கள், ஆர்வத்தில் முதல் வருடம் முப்பது பேர் வந்த இடத்துக்கு இரண்டாம் வருடம் நாங்கள் நான்கு பேர்தான் போனோம்.

திரும்பிப் போவது ஏன் என்றால், மண்ணில் விதை வருடக்கணக்கில் கிடக்கும். வெயில் பட்டதும் மொத்தமாக முளைக்கும், முதல் மழைக்குப் பிறகு போனால் கீரை பிடுங்குவது மாதிரி கையாலேயே பிடுங்கலாம், ஒரு வருடம் விட்டால் மறுபடியும் பிக்காசுதான். அந்த நேரத்திலேயே பக்கத்துப் புல்வெளியில் முற்றிய கதிரை உருவி வந்து, வெறும் மண் தெரிகிற இடத்தில் தூவுங்கள். மரக்கன்று நட அவசரப்படாதீர்கள். முதலில் புல் வரட்டும், துணி கட்டி விட்ட கன்றுகள் நிமிரட்டும். பிறகும் இடம் இருந்தால் அந்தச் சரிவிலேயே பொறுக்கிய நெல்லி, கடுக்காய், பூந்திக்கொட்டை போடலாம், காய்க்கும்போது அதுவும் ஊருக்கு வருமானம்.

ஒரே பாறையில் நின்று மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்கள் துண்டில் மூன்றாம் வருடம் எடுத்த படத்தில் முழங்கால் உயரப் புல்லும், அதற்குள் புள்ளிமான் படுத்து எழுந்த பள்ளமும் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் பக்கத்து அரை ஏக்கரைக் கேட்கும்போது அந்தப் படத்தைத்தான் கொண்டுபோகிறோம்.