எஞ்சின் படம் இருந்தால் மட்டும் ரயில்வே கடிகாரம் ஆகிவிடாது

பழைய அமெரிக்க ரயில்வே பாக்கெட் கடிகாரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பின்மூடியைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். புகை கக்கும் எஞ்சின் செதுக்கியிருந்தால் விலை ஏறிவிடும். ஆனால் 7 கல் (தேய்மானம் குறைய அச்சுகளைத் தாங்கும் சிறு கற்கள்) வைத்த சாதாரணக் கடிகாரத்திலும் மலிவான சுவிஸ் சரக்கிலும் அதே எஞ்சின் உண்டு. கேஸை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பாருங்கள்.

1891-ல் ஒஹையோ மாநிலத்து கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின; கடிகாரப் பிழையே காரணம் என்பார்கள். அதன் பிறகு வெப் பால் என்ற நகை வியாபாரி ரயில் ஊழியர்களின் கடிகாரச் சோதனை முறையை ஒழுங்குபடுத்தினார். காலப்போக்கில் உறுதியான தரம் ஏறத்தாழ இதுதான்: 16 அல்லது 18 சைஸ் (அமெரிக்கக் கடிகார அளவெண்), மூடியில்லாத முகப்பு, 12 மணிப் பக்கம் சாவி கொடுக்கும் குமிழ், குறைந்தது 17 கல், 5 நிலைகளில் (படுக்கவைத்தும் நிமிர்த்தியும்) சீரமைப்பு, வாரத்துக்கு 30 வினாடிக்குள் பிழை. ரயில்வே கம்பெனிக்குக் கம்பெனி விதி கொஞ்சம் மாறும். 1880-களின் 15 கல் கடிகாரத்தை இந்த அளவுகோலால் தள்ளிவிடாதீர்கள். அன்று ரயிலில் ஓடியதே அதுதான்.

இயந்திரத்தில் ‘அட்ஜஸ்டெட்’ (சீரமைத்தது) என்று மட்டும் பொறித்திருந்தால் போதாது. எத்தனை நிலைகள் என்று பாருங்கள். தோற்றத்தையும் நம்ப வேண்டாம்: ஹாமில்டன் நிறுவனத்தின் 992-ம் 974-ம் பார்வைக்கு உடன்பிறப்புகள்தான். ஆனால் முன்னதில் 21 கல், பின்னதில் 17.

கல் எண்ணிக்கையில்தான் போலி அதிகம். 17-லிருந்து 21 ஆவது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலட், எஸ்கேப் வீல் என்ற உறுப்புகளின் அச்சுகளுக்கு மேலும் கீழும் வரும் நான்கு மூடிக் கற்களால். 23 ஆவது வழக்கமாக மெயின்ஸ்பிரிங் பேரலுக்கு (விசைச்சுருள் இருக்கும் உருளைக்கு)ச் சேரும் இரண்டால். ‘23’ என்று பொறித்திருக்கிறது, ஆனால் பேரலின் அச்சு வெறும் உலோகத்தில் சுழல்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். தகட்டில் அழகுக்காகப் பதித்த, எந்த அச்சையும் தாங்காத சிவப்புக் கண்ணாடி கணக்கில் வராது.

இன்னொரு குழப்பம் எண்கள். கேஸின் எண்ணை வைத்து வருடம் தேடினால் தவறான பதில்தான் கிடைக்கும். இயந்திரமும் கேஸும் தனித்தனி நிறுவனங்களில் செய்யப்பட்டு, கடையில்தான் பெரும்பாலும் ஒன்று சேர்ந்தன. தேட வேண்டியது இயந்திரத்தின் எண். எல்ஜின் நிறுவனக் கடிகாரங்களில் கிரேடு, அதாவது இயந்திரத்தின் ரகம், பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்காது. எண்ணை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். கேஸின் உள்விளிம்பில் பழைய திருகாணித் தடம் வேறு இடத்தில் கிடந்தால், அந்தக் கேஸ் முன்பு வேறு இயந்திரத்தைச் சுமந்தது. மூடியில்லாத கேஸில் வினாடி முள் 3 மணிக்கு நேரே இருந்தாலும் கதை அதுதான். அது மூடிக் கடிகாரத்துக்குச் செய்த இயந்திரம்.

‘20 வருட உத்தரவாதம்’ என்று கேஸுக்குள் இருப்பது தங்கத் தகடு போர்த்தியது என்பதற்கான அடையாளம். அதைத் தங்க விலைக்கு வாங்க வேண்டாம்.

நேரம் வைக்கக் குமிழைப் பலமாக இழுக்காதீர்கள். ரயில்வே வகையில் முன்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றினால், டயல் ஓரத்தில், பெரும்பாலும் 1 மணிக்கு அருகே, சிறிய நெம்புகோல் தெரியும். நகத்தால் மெல்ல வெளியே இழுத்து, குமிழைச் சுழற்றி, மறக்காமல் உள்ளே தள்ளிவிட்டு வளையத்தை மூடுங்கள்.